கடற்கரைப் பாடசாலைகள்: கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை

ஞாயிறு, மட்டக்களப்பு

உதயதேவி காலையில் கொழும்புக் கோட்டையை விட்டது. கல்லோயாச் சந்திக்கு அப்பால் காட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றது. யானை என்றார்கள்; நான் பார்க்கவில்லை. ரயிலைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

அக்காவின் வீடு கல்லடியில். இந்தப் பயணத்துக்குக் காரணம் அத்தான். சுனாமிக்குப் பிறகு 2005 முதல் 2008 வரை கட்டட மேற்பார்வையாளராகத் தொண்டு நிறுவனங்களிடம் வேலை பார்த்தவர். ஒரு நிறுவனம் மூட்டை கட்டினால் அடுத்ததில் சேர்வார். மேசையும் நாற்காலியும் அதேதான், சுவரில் தொங்கும் இலச்சினை மட்டும் மாறும் என்பார். இப்போது ஓய்வு. தான் நூல் பிடித்து அத்திவாரம் வெட்டிய பாடசாலைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அலுத்துப்போய், "தம்பி வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போகும் பாடசாலைகளின் பெயர்களை எழுதப்போவதில்லை. அதிபர்கள் அரச ஊழியர்கள். எங்கே என்ன பேசலாம் என்பதற்கு அவர்களுக்குத் தாபன விதிக்கோவை இருக்கிறது. தேநீர் தந்து மனம் விட்டுப் பேசியவர்களை விளக்கம் எழுத வைப்பது நாகரிகமில்லை.

திங்கள், நாவலடி – திராய்மடு

ஆறே முக்காலுக்கு வீதி முழுக்க வெள்ளைச் சீருடை. கல்லடியின் பழைய இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரை வைத்திருக்கிறார்கள். 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்ததும் பழையது நடப்பவர்களுக்கும் தூண்டில் போடுபவர்களுக்கும் என்றாகிவிட்டது.

நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு. 2004 டிசம்பர் 26 காலையில் அலை கடலிலிருந்து ஏறி வாவிக்குள் இறங்கியது. நடுவிலிருந்த ஊரில் எஞ்சியது மிகக் குறைவு. அன்று ஞாயிறு, பௌர்ணமி தினம், அதோடு பாடசாலை விடுமுறை. இந்தக் கரையில் யாரோடு பேசினாலும் இந்த மூன்றையும் அதே வரிசையில் சொல்கிறார்கள். பாடசாலை நாளாக இருந்திருந்தால் என்று தொடங்குவார்கள், முடிக்க மாட்டார்கள். கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் பழைய கோபுரம் அன்று சாய்ந்தபடியே நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அலைக்குப் பிறகு அரசாங்கம் கரையிலிருந்து ஒரு தூரத்தைக் குறித்து, அதற்குள் மறுபடி கட்டக் கூடாது என்றது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் நாவலடி மக்களில் பெரும்பகுதியினர் நகரின் வடக்கே திராய்மடுவுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் போன இடத்துக்குப் பாடசாலையும் போகத்தானே வேண்டும்?

அங்கேதான் அந்த ஆசிரியையைச் சந்தித்தோம். ஆரம்பப் பிரிவு, ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள். அத்தானைக் கண்டதும், "சேர், நீங்கள் அந்த மஞ்சள் தொப்பிக்காரர் அல்லவா?" என்றார். அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

2005 ஜனவரியில் தறப்பாள் கூடாரத்தில் வகுப்பு ஆரம்பித்ததை அவர் விவரித்தார். யூனிசெப் தந்த அலுமினியப் பெட்டி ஒன்று. அதற்குள் கொப்பி, பென்சில், வெண்கட்டி, ஒரு கடிகாரம். மூடியின் உட்புறம் கறுப்பு மை பூசியிருக்கும், திறந்து நிறுத்தினால் அதுவே கரும்பலகை. ஒரு பெட்டி நாற்பது பிள்ளைகளுக்கு என்று கணக்கு. "பெட்டி நல்ல பெட்டி. ஆனால் என் பிரச்சினை பெட்டியில் இல்லை, சேர். என்னிடம் யார் படித்தார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை."

சேர்வுப் பதிவேடு, வரவு இடாப்பு, சம்பவத்திரட்டு எல்லாம் கடலோடு போயிருந்தன. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் அப்படியே. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அடையாள அட்டை இல்லாமல் சாதாரண தரப் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஒரு சிறிய நிறுவனத்தின் களப் பணியாளர், இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண், இந்த ஆசிரியையோடு கூடாரம் கூடாரமாக நடந்திருக்கிறார். ஒவ்வொரு வகுப்பாக எடுத்து, யார் எந்த வாங்கில் இருந்தார்கள் என்று ஆசிரியை நினைவிலிருந்து சொல்ல, அந்தப் பெண் எழுத, தாயோ தகப்பனோ பாட்டியோ பிறந்த திகதியைச் சொல்ல, பிறகு அந்தப் பட்டியலை நடமாடும் சேவைக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவேட்டைக் காட்டினார். கறுப்புக் கலிக்கோ அட்டை, நீல மை. முதல் பக்கங்களில் எல்லாப் பெயர்களும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. சில பெயர்களுக்கு நேரே விலகிய காரணம் என்ற நிரலில் திகதி மட்டும் இருக்கிறது: 26.12.2004. காரணம் எழுதவில்லை.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாடி, நல்ல காற்றோட்டம், அத்தானின் வேலை. நுழைவாயிலில் கருங்கல் பலகை. மும்மொழி, பல இலச்சினைகள், ஒப்படைத்த நாள். ஒப்படைப்பு விழாவில் நாதஸ்வரம், பொன்னாடை, வெள்ளைக்காரருக்குக் குங்குமம் என்று எல்லாம் இருந்ததாம். தண்ணீர் மோட்டர் எரிந்தபோதும் மேல்மாடிக் கண்ணாடி உடைந்தபோதும் விழா வைக்க யாரும் வரவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஐம்பது, நூறு என்று சேர்த்துச் செய்தது. சங்கத்திலிருப்பவர்கள் மீனவர்களும் மேசன்மாரும்.

புறப்படும்போது அந்தப் பதிவேடு எழுதிய நிறுவனத்தின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பலகையில் இல்லை. ஆசிரியைக்கும் நிறுவனத்தின் பெயர் மறந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் மறக்கவில்லை.

செவ்வாய், புளியந்தீவு

இன்று அத்தானுக்கு வைத்தியசாலையில் கிளினிக். நான் தனியே நகரைச் சுற்றினேன். கோட்டைச் சுவரிலிருந்து புனித மிக்கேல் கல்லூரிக்கு நடக்க அதிக நேரம் ஆகாது. இந்த நடைக்குள் இலங்கைக் கல்வி வரலாற்றின் பாதியைப் பார்த்துவிடலாம்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்துவிட்டார். அந்தச் சில மாதங்களில் அவர் தொடங்கி வைத்ததன் தொடர்ச்சிதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் 1873. வாவியின் அந்தப் பக்கம் சிவானந்தா வித்தியாலயம் 1929, விபுலானந்த அடிகளின் முயற்சி, இராமகிருஷ்ண மிஷனின் நிர்வாகம். இன்றைய பேச்சில் சொன்னால் எல்லாமே இலாப நோக்கற்ற நிறுவனங்கள். அவர்கள் சுவரைக் கட்டியதோடு நிற்கவில்லை. ஆசிரியரை நியமித்தார்கள், அரச உதவிப் பணம் பெற்றார்கள், கூரை ஒழுகினால் அவர்களே ஆளைக் கூப்பிட்டார்கள். மதமும் மாற்றினார்கள். அதை விட்டுவிட்டு எழுதினால், இந்தக் கரையில் இந்துப் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்த ஒரு துறவி ஏன் ஊரூராக அலைந்தார் என்பது விளங்காது.

1960, 1961 சட்டங்களோடு பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அதற்கு ஏற்கெனவே வழி திறந்திருந்தது. பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன. சிவானந்தாவில் படிப்பவர்களின் சான்றிதழில் இன்றும் அதே பெயர்தான். அடிகளின் சமாதி அங்கேயே இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது.

வெபர் மைதானத்தில் சில பையன்கள் வெயிலைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெபர் அடிகளார் ஓர் அமெரிக்க யேசு சபைத் துறவி. இந்த ஊருக்குக் கூடைப்பந்து வந்தது இவரைப் போன்றவர்களால். இவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் தெரியுமா? யேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து. அவர்களில் இன்னொருவரான ஏபேர் அடிகளார், நியூ ஓர்லியன்ஸ் இருக்கும் லூசியானாவில் பிறந்தவர். மிக்கேல் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை.

இந்தத் தொடர்பு எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. மட்டக்களப்பைக் கடல் அடித்து எட்டு மாதத்தில், 2005 ஆகஸ்ட் 29 அன்று, கத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தது. அங்கும் பாடசாலைகளை மீளக் கட்ட வேண்டியிருந்தது, அங்கும் தொண்டு நிறுவனங்கள் வந்தன. ஆனால் கதை நேர்மாறு. அந்த நவம்பரில் மாநிலச் சட்டசபை சட்டம் போட்டு நகரின் பெரும்பாலான பொதுப் பாடசாலைகளை மாநில அமைப்பொன்றின் கீழ் எடுத்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் பல வருட அனுபவமுள்ள கறுப்பினத்தவர்கள். 2006இல் 'நியூ ஸ்கூல்ஸ் ஃபோர் நியூ ஓர்லியன்ஸ்' என்ற நிறுவனம் ஆரம்பமானது. செங்கல் அடுக்குவது அதன் வேலையில்லை. புதிய பாடசாலை தொடங்க விரும்புவோரைத் தேடிப்பிடித்துப் பயிற்றுவித்து, முதற்பணம் கொடுத்து, நிற்க வைப்பதுதான் வேலை. அப்படித் தொடங்கியவை சார்ட்டர் பாடசாலைகள்: பணம் அரசாங்கத்தினுடையது, பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, நிர்வாகம் மட்டும் ஒரு தனிச் சபையிடம். 2014இல் அந்த மாநில அமைப்பின் கீழ் நேரடி அரசுப் பாடசாலை ஒன்றும் மிஞ்சவில்லை. 2018இல் மேற்பார்வை மறுபடி நகரின் தெரிவு செய்யப்பட்ட கல்விச் சபைக்கு வந்தது. பரீட்சை முடிவுகள் நன்றாகவே உயர்ந்தன என்று அங்குள்ள டியூலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வேலை இழந்தவர்கள் பல வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள்.

இரவு சாப்பாட்டில் அத்தானிடம் இதைச் சொன்னேன். இங்கும் நிறுவனங்களிடம் பாடசாலையையே கொடுத்திருந்தால்?

அவர் இறால் குழம்பில் பிட்டைக் குழைத்தபடி யோசித்தார். "எங்கள் ஆட்கள் மூன்று வருடத் திட்டத்தோடு வந்தவர்கள். பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்தால் சாதாரண தரம் எழுதப் பதினொரு வருடம் வேண்டும். கணக்கை நீரே போட்டுப் பாரும்."

போட்டுப் பார்த்தேன். ஆனாலும் அத்தானின் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் இந்த ஊரிலேயே உண்டு. 1996இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனும், யேசு சபையைச் சேர்ந்த உளவியலாளர் போல் சற்குணநாயகம் அடிகளாரும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. போர்க்காலத்தில் தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றி வந்து மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாட விட்டார்கள். ஒரு நாள் கூத்தாக இல்லாமல் மாதக்கணக்கில், அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அழைத்து வந்தார்கள். அதற்கு வகுப்பறை வேண்டியிருக்கவில்லை. ஒரு வளவும் ஒரு பஸ்ஸும் திரும்பி வருகிற ஆட்களும் போதுமாயிருந்தன.

புதன், படுவான்கரை

மட்டக்களப்பாருக்கு வாவியின் கிழக்கு எழுவான்கரை, மேற்கு படுவான்கரை. மண்முனைப் பாலத்தால் போனோம். 2014இல் பாலம் திறக்கும்வரை இங்கே படகுப் பாதைதான்.

கொக்கட்டிச்சோலையைத் தாண்டியதும் அத்தான் 2005ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்று படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில். வவுணதீவிலும் பட்டிருப்பிலும் சோதனைச் சாவடிகள். சீமெந்து, கம்பி எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். ஒரு வகுப்பறைக்கு எத்தனை மூட்டை என்று எழுதி அனுமதி வாங்கி, சாவடியில் ஒவ்வொன்றாக எண்ணி இறக்கி ஏற்றி, அப்பால் போனால் மறுதரப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். "மழை பிடித்தால் சாவடியிலேயே சீமெந்து கல்லாகிவிடும். நிதி கொடுத்தவர்கள் ஏன் தாமதம் என்று மின்னஞ்சல் அனுப்புவார்கள்."

2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர். அதற்குப் பிறகு அலுவலகங்களில் வெளிநாட்டவர் குறைந்தார்கள், திட்டங்கள் சுருங்கின. 2007இல் சண்டை இந்தப் பக்கம் வந்தபோது மக்கள் எழுவான்கரைக்கு ஓடினார்கள். அங்குள்ள பாடசாலைகள் மறுபடி முகாமாகின. சுனாமிக்குக் கட்டிய வகுப்பறைகளில் வேறு ஊரார் படுத்திருந்தார்கள். அத்தானின் அரைகுறைக் கட்டடம் ஒன்று தூண்களோடு நின்றது. அவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்து அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்து கூரை போட்டார்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்தோம். அரைச்சுவர், ஓட்டுக்கூரை, பழைய அரசாங்க மாதிரி. நான் பார்த்ததிலேயே சீரான கட்டடம் இதுதான். உடைந்த ஓட்டை மாற்ற ஊர்த் தச்சரே போதும்.

ஆனால் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. அதிபர் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை, காலநிலையைச் சொல்வதுபோல் சொன்னார். தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்த இளம் ஆசிரியர்கள் நியமனம் பெற்று வருகிறார்கள்; கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும்.

போர்க்காலத்தில் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் முடித்த ஊர்ப் பிள்ளைகள், சம்பளம் இல்லை. சில நிறுவனங்கள் அவர்களுக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு கொடுத்தன. கட்டடத்தோடு ஒப்பிட்டால் அற்பக் காசு. அறிக்கையில் படம் போடவும் எதுவும் இல்லை. அப்படி வந்தவர்களில் பலரை அரசாங்கம் பின்னர் கட்டம் கட்டமாக நிரந்தரமாக்கியது. இந்த அதிபரும் அவர்களில் ஒருவர். "அந்தக் காசில் ஒரு சைக்கிள் வாங்கினேன், சேர். சைக்கிள் இருந்ததால்தான் நின்றேன்" என்றார். கருங்கல் பலகைகளைப் பார்த்து அலுத்திருந்த எனக்கு அந்தச் சைக்கிளைப் பார்க்க ஆசையாக இருந்தது. அது எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டதாம்.

திரும்பும்போது அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் படகுப் பாதையில் வந்தோம். ஆசிரியைகளின் ஸ்கூட்டிகள் வரிசையாக. ஒருவர் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் விடைத்தாள் வைத்துத் திருத்திக்கொண்டே கரை சேர்ந்தார்.

வியாழன், காரைதீவு – கல்முனை

அம்பாறை மாவட்டத்துக்குள் வந்துவிட்டோம். சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் இது, பத்தாயிரத்துக்கும் மேல். ஆனால் மீள்கட்டுமானம் வேகமாக நடந்தது தெற்கில். நல்ல வீதி, அருகில் விமான நிலையம், போர் இல்லை, செல்வாக்குள்ள அமைச்சர்கள். அத்தான் இதைச் சொல்லும்போது குரல் உயரும், நான் பேச்சை மாற்றுவேன்.

கல்முனையின் பிரச்சினை நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு ரிப்பன் போல நெருக்கியடித்த ஊர்கள்: தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர். 200 மீற்றர் விட்டுக் கட்டு என்றால் வயலுக்குள் இறங்க வேண்டும். வயலை நிரப்ப அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஆண்டுகள் வேண்டும். அதனால் பல இடங்களில் பாடசாலைகள் பழைய காணியிலேயே மேல்நோக்கி எழுந்தன. விபுலானந்தர் 1892இல் பிறந்த காரைதீவைத் தாண்டும்போது பிரதான வீதியிலிருந்தே மாடிக் கட்டடங்கள் தெரிந்தன.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாடசாலைக்குப் போனோம். அத்தான் கட்டியதல்ல, கொழும்பு ஒப்பந்தக்காரர் ஒருவரின் வேலை. அதிபரின் அனுமதியோடு அத்தான் பையிலிருந்து சிறு சுத்தியலை எடுத்தார். (பயணத்துக்கு வரும்போது சுத்தியல் கொண்டுவருகிறவரை வேறெங்கும் கண்டதில்லை.) கீழ்த்தளத் தூணை அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்ற சத்தம் ஓரிடத்தில் டொக் என்று மாறியது. வெண்கட்டியால் வட்டம் போட்டார். அந்தத் தூணில் மூன்று வட்டம். கடல் பார்த்த வரிசையில் தூணுக்குத் தூண் வட்டம்.

ஓரிடத்தில் கொங்கிறீட் ஏற்கெனவே உதிர்ந்து கம்பி தெரிந்தது. கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் மேலிருக்கும் கொங்கிறீட்டை வெடிக்கவைக்கும், வெடிப்புக்குள் இன்னும் உப்புக்காற்று போகும். அத்தான் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்தார். "ஒரு விரல்கூட இல்லை. கடற்கரையில் இரண்டு விரலாவது வேண்டும்." அன்று எல்லோருக்கும் அவசரம். எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் கட்ட வந்ததால் மேசன் கூலி ஏறியது, நல்ல ஆற்று மண் கிடைப்பது கஷ்டமானது. ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் காட்டாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி வேறு. அவசரத்தின் விலையை இந்தத் தூண்கள் செலுத்துகின்றன.

இன்னொரு சங்கதியும் சொன்னார். பிரதான வீதியோரப் பாடசாலை ஒன்றுக்காக இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டன. அமைச்சோடு ஒப்பந்தம் யார் முதலில் எழுதுவது என்று ஓட்டம். அதே நேரம் உள்ளே, மணல் பாதையின் முடிவில் இருந்த சின்னப் பாடசாலைக்குக் கிடுகுக் கொட்டில்தான். லான்ட் குரூசரிலிருந்து இறங்காமலே பார்க்கக்கூடிய இடத்தில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத விதி.

வெள்ளி, அக்கரைப்பற்று

முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு விட்டுவிடும். அதனால் காலையிலேயே அத்தானின் பழைய நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எங்களை நுரைச்சோலைப் பக்கம் கூட்டிப்போனார்.

சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்காகச் சவூதி அரேபியாவின் பணத்தில் கட்டிய 500 வீடுகள். கூடவே பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை. ஒரு நகருக்கு வேண்டிய எல்லாம். ஆனால் காணி யாருக்குச் சேர வேண்டும் என்ற இன அரசியல் எழுந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகளை ஒரு இனத்தாருக்கு மட்டும் கொடுக்க முடியாது என்றானது. வீடுகள் பூட்டியபடி ஆண்டுக்கணக்கில் காடேறின.

பாடசாலை உட்பட. ஆசிரியர் சொன்னார்: "எங்கள் பக்கம் இடமில்லாமல் இரண்டு வகுப்பை ஒரு தட்டியால் பிரித்துப் படிப்பித்தோம். இங்கே கரும்பலகையில் வெண்கட்டி படாமல் இருந்தது." அவருக்குக் கோபம் எல்லார் மேலும் இருந்தது: வழக்குப் போட்டவர்கள், காணியைத் தெரிவு செய்தவர்கள், அடிக்கல் நாட்டிப் படம் எடுத்தவர்கள், பட்டியலில் பெயர் போட ஆள் பிடித்த தம் ஊர் அரசியல்வாதிகள். கொடுத்தவர்கள்மேல் மட்டும் இல்லை. எனக்கு அவர்கள்மேலும் கொஞ்சம் இருக்கிறது. 500 வீடு கட்டுமுன் அக்கம்பக்கத்து மூன்று இனத்தாரையும் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துப் பேச எவ்வளவு செலவாகியிருக்கும்?

ஜும்ஆவுக்கு அவர் போனார். நாங்கள் அவர் வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன்.

சனி, திருக்கோவில் பக்கம்

பாடசாலை இல்லாத நாள்; ஆனால் இன்றுதான் எனக்கு அதிகம் கிடைத்தது. அக்காவின் சிநேகிதி அதிபராக இருக்கும் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம். எங்களையும் ஓரத்தில் உட்கார அனுமதித்தார்கள்.

மண்டபம் சுனாமிக்குப் பின் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தந்தது. வளைவான தகரக் கூரை, அழகுதான். கடற்காற்றில் தகரத்தின் விளிம்புகள் அரித்து, மழை மேடைமேல் விழுகிறது. அந்த மாதிரித் தகரம் இங்கே கிடைக்காது. நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்: கூரை.

பொருளாளர் ஒரு மீனவர். கணக்கை நின்றுகொண்டு வாசித்தார். வங்கியில் இருப்பதைச் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. கனடாவிலுள்ள பழைய மாணவர்களிடம் கேட்கலாம் என்றார் ஒருவர். "அவர்களைக் கேட்டால் முழு மண்டபத்தையும் இடித்துக் கட்டித் தருவோம், பெயர் போடுங்கள் என்பார்கள். எங்களுக்குக் கூரை போதும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளை அதிபர் காட்டினார். பதில், நிதி கிடைத்ததும் பரிசீலிக்கப்படும். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தகரத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரண மரச்சட்டத்தில் ஓடு போட்டால் என்ன? மரம் தர ஒருவர் இருக்கிறார். தச்சுவேலைக்கு இரண்டு தகப்பன்மார். கழற்றுவதைச் சிரமதானமாகச் செய்யலாம்.

ஓட்டின் பாரத்தை இந்தச் சுவர் தாங்குமா என்று யாரோ கேட்டார்கள். கூட்டமே அமைதியானது. அதிபர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

அத்தான் எழுந்து, முதலில் ஒரு ஏணி கேட்டார். அதில் ஏறி உத்தரத்தை அளந்தார், தட்டினார், கீழே இறங்கிக் கொப்பித் தாளில் கணக்குப் போட்டார். தாங்கும், ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் புதிய தூண் எழுப்ப வேண்டும். தூணுக்குக் கம்பி, சல்லி, ஆற்று மண், எவ்வளவு சீமெந்து என்று பட்டியல் எழுதினார். கடல் மண் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது என்று அடிக்கோடிட்டார். பொருளாளர் பட்டியலை வாங்கிப் பார்த்து, கம்பி அக்கரைப்பற்றிலும் சல்லி அம்பாறைப் பக்கமும் மலிவு என்றார். மூன்று கடைகளில் விலை கேட்டு வருவதற்கு ஆட்களைப் பிரித்தார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் புரட்டாதி கடைசி என்று நாள் குறித்தார்கள். மேற்பார்வைக்கு வாரம் ஒருமுறை வர முடியுமா என்று அத்தானிடம் கேட்டார்கள். பஸ் காசு சங்கம் தரும்.

அத்தான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பட்டியலின் அடியில் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தூண் அத்திவாரக் குழி நான்கடிக்குக் குறையக் கூடாது என்று இன்னொரு முறை சொன்னார்.